டன்னுக்கு எத்தனை கிராம்?

கல்லூரிப் படிப்பின் பயனைக் குடும்பமே கணக்கிட்டறியும் முறை

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்றொரு பகுதி உண்டு. தங்கவயலின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் பேச்சு மொழி பெரும்பாலும் தமிழ். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பெயரர்களும் அவர்தம் பிள்ளைகளும் தங்கவயலில் வாழ்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான இரண்டாம் ஆண்டு பி.யு.சி. தேர்வு முடிவு வெளியாகும் நாளில், பல வீடுகளில் ஒரே வினா எழுகிறது: "மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா?"

இவ்வினா தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. தஞ்சையிலும் திருப்பூரிலும் மும்பைத் தாராவியிலும் இதே வினா எழுகிறது. ஆயினும் இதற்கு விடை காணும் முறையைக் கற்றுக்கொள்ளத் தங்கவயலைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை. ஆகவே இவ்விதழின் பாடத்தை அங்கிருந்தே தொடங்குவோம்.

1. சுரங்கம் கற்பித்த பாடம்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு நவீன முறையில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கியது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் அந்நிறுவனம் சுரங்கங்களை மூடியது.

சுரங்கம் ஏன் மூடப்பட்டது? பூமிக்கடியில் தங்கமே இல்லாமற் போனதாலன்று. தொடக்கக் காலத்தில் ஒரு டன் பாறையை அரைத்தால் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. இறுதிக் காலத்தில் அது 3 கிராம் அளவுக்குக் குறைந்தது. அந்த மூன்று கிராமுக்காக மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பாறையை மேலே கொணர வேண்டியிருந்தது. செலவு வரவை விஞ்சிற்று.

சுரங்கப் பொறியாளர் எவரும் "இந்தப் பாறையில் தங்கம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. "டன்னுக்கு எத்தனை கிராம்? அதை மேலே கொணர என்ன செலவு?" என்றே கேட்பர். கல்லூரிப் படிப்பையும் இவ்வாறே அளக்க வேண்டும். "கல்லூரியால் பயன் உண்டா?" என்பது விடை காண இயலாத வினா. "இந்தப் பிள்ளைக்கு, இந்தக் கல்லூரியில், இந்தப் பாடத்தால், இந்தச் செலவில் என்ன பயன்?" என்பது விடை காணத்தக்க வினா. இப்பாடத்தின் சாரம் முழுவதும் இதுவே.

2. தவறான இரண்டு விடைகள்

முதல் தவறு: "ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்வான்." இது பழைய நம்பிக்கையின் புதிய வடிவம். முன்னாளில், தந்தைக்குப் பின் மகன் சுரங்கத்தில் இறங்குவான், நிறுவனம் வீடும் தண்ணீரும் மருத்துவமும் தரும் என்று நம்பினர். அந்த இடத்தில் இன்று பட்டச் சான்றிதழ் அமர்ந்திருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022இல் பட்டம் பெற்ற இளைஞரிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு என்றும், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே அது 3.4 விழுக்காடு என்றும் தெரிவிக்கிறது. பட்டம் தானாக வேலை தந்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இரண்டாம் தவறு: "பட்டதாரிகளே வேலையின்றித் திரிகிறார்கள், படித்து என்ன பயன்?" மேற்கண்ட எண்களையே காட்டி இவ்வாறு வாதிடுவோர் உளர். ஆனால் அந்த எண்களின் பொருள் வேறு. எழுத்தறியாத ஏழை இளைஞர் வேலையின்றி ஒரு மாதம்கூட இருக்க இயலாது. கிடைத்த கூலிக்குச் செல்கிறார். ஆதலால் 'வேலையில் இருப்பவர்' என்று எண்ணப்படுகிறார். பட்டதாரியோ தகுதிக்கேற்ற பணிக்காகக் காத்திருக்கிறார். காத்திருப்பவரை வேலையற்றவர் என்று கணக்கெடுப்பு குறிக்கிறது. உலகின் பல நாடுகளை ஒப்பிட்டு உலக வங்கிக்காக 2018இல் வெளியான ஆய்வு, கூடுதலாகக் கற்கும் ஒவ்வோர் ஆண்டும் சராசரியாக ஏறத்தாழ 9 விழுக்காடு வருமான உயர்வைத் தருவதாகக் காட்டுகிறது.

சராசரி என்பது மேடும் பள்ளமும் கலந்தது. ஒரே மலைத்தொடரில் 40 கிராம் தரும் பாறையும் 3 கிராம் தரும் பாறையும் அடுத்தடுத்து இருக்கும். நம் பிள்ளை சேரப்போவது சராசரியில் அன்று. ஒரு குறிப்பிட்ட கல்லூரியில். ஆகவே கணக்கை நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

3. செலவு என்பது கட்டணம் மட்டுமன்று

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். இது கற்பனைக் குடும்பம். எண்களும் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. தங்கள் குடும்பத்தின் எண்களை இவற்றின் இடத்தில் இட்டுப் பார்க்கலாம்.

ஸ்கெலட்டனில் ஒரு வீடு. பாட்டனார் சுரங்கத் தொழிலாளி. தந்தை நாள்தோறும் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு ரயிலில் சென்று வேலை செய்கிறார். தாயார் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறார். மகள் பி.யு.சி. தேறியிருக்கிறாள், இளையவன் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். மகளின் திருமணத்திற்கென்று சிறுகச் சிறுகக் கட்டிவந்த தொடர் வைப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. அவள் முன் மூன்று வழிகள்: நான்காண்டுப் பொறியியல், மூன்றாண்டு வணிகவியல் பட்டம், அல்லது உடனே பெங்களூரில் ஒரு வேலை.

உடனே வேலைக்குச் சென்றால் மாதம் 13,000 ரூபாய் கிடைக்கும் என்று கொள்வோம். ரயில், பேருந்து, மதிய உணவு ஆகியவற்றுக்கு 3,000 போக வீட்டுக்கு 10,000 ரூபாய் வரும். படிக்கச் சென்றால் இந்தத் தொகை வாராது. இதைக் கைவிட்ட வருமானம் எனலாம். பெரும்பாலான குடும்பங்கள் கட்டணத்தை மட்டும் எண்ணுகின்றன, இதை எண்ணுவதில்லை.

பொறியியலுக்குக் கட்டணம், போக்குவரத்து, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் எனில், நான்காண்டுக்கு 4 லட்சம். கைவிட்ட வருமானம் 48 மாதங்களுக்கு 4.8 லட்சம். மொத்தச் செலவு 8.8 லட்சம்.

அரசுக் கல்லூரியில் வணிகவியலுக்கு ஆண்டுக்கு 20,000 எனில், மூன்றாண்டுக்கு 60,000. கைவிட்ட வருமானம் 36 மாதங்களுக்கு 3.6 லட்சம். மொத்தச் செலவு 4.2 லட்சம்.

கட்டணம் மட்டும் பார்த்தபோது ஒன்று மற்றொன்றைப் போல் ஏறக்குறைய ஏழு மடங்காகத் தோன்றியது. முழுச் செலவையும் பார்த்தால் இரு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. கட்டணம் குறைந்த படிப்பும் இலவசப் படிப்பன்று என்பதும் விளங்குகிறது.

4. வரவு என்பது சம்பளமன்று; வேறுபாடு

படித்து முடித்தபின் மாதம் 20,000 கிடைக்கும் என்றால், அந்த இருபதாயிரமும் படிப்பின் வரவன்று. படியாமலிருந்தால் அப்போது என்ன கிடைத்திருக்குமோ அதைக் கழித்து எஞ்சுவதே படிப்பின் வரவு. நான்காண்டு அனுபவத்தால் 13,000 ரூபாய் வேலை 15,000 ஆகியிருந்தால், வேறுபாடு 5,000 மட்டுமே.

மாதம் 5,000 என்றால் ஆண்டுக்கு 60,000. 8.8 லட்சம் மீள ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும், 4.2 லட்சம் மீள 7 ஆண்டுகள் போதும். வேறுபாடு மாதம் 10,000 எனில், பொறியியலின் செலவு ஏழரை ஆண்டுக்குள் மீளும். வேறுபாடு 1,000 மட்டுமே எனில், அச்செலவு மீள 70 ஆண்டுகளுக்கு மேலாகும்; அதாவது பணி வாழ்நாளுக்குள் மீளாது.

எனவே சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்றே: அந்தக் கல்லூரியில் அந்தப் பாடம் படித்தவர்கள் உண்மையில் என்ன சம்பளம் பெறுகிறார்கள்? இதை அறிய மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, விளம்பரத்தில் காணும் உச்சச் சம்பளத்தை விடுத்து நடுச் சம்பளத்தைக் கேட்க வேண்டும். வேலை பெற்ற அனைவரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறும் சம்பளமே அது. உச்சச் சம்பளம் ஒருவருக்கு உரியது. நடுச் சம்பளம் நம் பிள்ளைக்கும் கிட்டக்கூடியது.

இரண்டாவது, தேசியக் கல்வி நிறுவனத் தரவரிசையில் பங்குபெறும் கல்லூரிகள் வேலை பெற்றோர் எண்ணிக்கை, நடுச் சம்பளம், உரிய காலத்திற்குள் படிப்பை முடித்தோர் எண்ணிக்கை ஆகியவற்றை அளிக்கின்றன. அக்கல்லூரிகளின் இணையதளத்தில் இவ்விவரங்களைக் காணலாம். "தொண்ணூறு விழுக்காட்டினருக்கு வேலை" என்றால், சேர்ந்தவரில் தொண்ணூறா, நேர்முகத்திற்குத் தகுதி பெற்றவரில் தொண்ணூறா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது வழி தங்கவயலாருக்கு எளிது. அதே கல்லூரியில் படித்து, இன்று அதே ரயிலில் பெங்களூருக்குப் போய்வரும் ஐந்து பேரிடம் கேட்கலாம். எந்த விளம்பரமும் இந்த ஐவரின் விடைக்கு ஈடாகாது.

5. முடிக்காத படிப்பே விலை மிகுந்தது

எடுத்துக்காட்டில் கண்ட மகள் பொறியியலில் சேர்ந்து, இரண்டாண்டுக்குப் பின் தொடர இயலாமல் விட்டுவிட்டாள் என்று கொள்வோம். செலவழித்தது 2 லட்சம். கைவிட்ட வருமானம் 2.4 லட்சம், மொத்தம் 4.4 லட்சம். கையில் சான்றிதழ் இல்லை. வணிகவியல் பட்டத்தை முடிப்பதற்கு ஆகும் முழுச் செலவைக் காட்டிலும் இது மிகுதி.

கல்லூரியைப் பற்றிய முடிவில் பெரிய ஆபத்து தவறான பாடத்தைத் தெரிவதன்று. முடிக்க இயலாததைத் தொடங்குவதே. பிள்ளைகள் ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள்? கணிதத்தில் அடித்தளம் போதாமை. தமிழ், கன்னட வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிப் பாடத்தில் திணறுதல். குடும்பத்தில் ஒருவர் நோயுறுதல். இரண்டாமாண்டுக் கட்டணத்துக்கு வழியின்மை. நாள்தோறும் நெடுந்தொலைவுப் பயணத்தால் வரும் களைப்பு. இவற்றுள் பெரும்பாலானவை சேருமுன்பே கண்ணுக்குத் தெரிபவை.

ஆகவே முதலாமாண்டுக் கட்டணம் கையில் இருப்பது போதாது. நான்காமாண்டுக் கட்டணம் எங்கிருந்து வரும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். கணிதத்தில் விருப்பமில்லாத பிள்ளையை, அண்டை வீட்டுப் பிள்ளை சேர்ந்ததனாலேயே பொறியியலில் சேர்ப்பது தகாது. எந்தப் பாடத்தை எவரும் வற்புறுத்தாமலே படிக்கிறது என்பதைப் பெற்றோர் கவனித்தல் வேண்டும். விருப்பம் என்பது இங்கு ஆடம்பரமன்று. முடிப்பதற்கான உறுதிகளில் அதுவே முதன்மையானது.

6. கடன் பெறுவோர் அறிய வேண்டிய கணக்கு

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை ஒட்டியே வங்கிகள் கல்விக் கடன் வழங்குகின்றன. அதன்படி 4 லட்சம் வரையிலான கடனுக்கு மாணவர் தம் பங்காகத் தொகை ஏதும் செலுத்த வேண்டுவதில்லை. அதற்கு மேற்பட்டால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடும், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 விழுக்காடும் தம் பங்காக இட வேண்டும். 7.5 லட்சம் வரை, கடன் உத்தரவாத நிதியின் காப்பு இருப்பதால், சொத்துப் பிணையம் கேட்கப்படுவதில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையொப்பமிட வேண்டும். படிப்புக் காலத்திலும் அதற்கடுத்த ஓராண்டிலும் தவணை தொடங்காது. அதன்பின் 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம்.

தவணை தொடங்காத காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்டுத் தொடக்கந்தோறும் 1 லட்சம் வீதம் நான்காண்டில் 4 லட்சம் கடன் பெறுவதாகவும், வட்டி 10 விழுக்காடு எனவும் கொள்வோம். முதல் லட்சத்திற்கு ஐந்தாண்டுத் தனிவட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக வட்டி மட்டும் 1.4 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 5.4 லட்சமாக நிற்கும். பத்தாண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 7,140 ரூபாய்.

இதே குடும்பம் வட்டியை மட்டும் மாதந்தோறும் கட்டிவந்தால்? முதலாமாண்டில் மாதம் 833 ரூபாய், இரண்டாமாண்டில் 1,667, மூன்றாமாண்டில் 2,500, அதன்பின் 3,333. இவ்வாறு செய்தால் தவணை தொடங்கும்போது கடன் 4 லட்சமாகவே இருக்கும். மாதத் தவணை ஏறத்தாழ 5,290 ஆகக் குறையும். முன்னதாகக் கட்டிய வட்டி 1.4 லட்சம், பத்தாண்டில் தவணையில் குறையும் தொகை ஏறத்தாழ 2.2 லட்சம்.

நினைவில் கொள்ளத்தக்க எளிய அளவுகோல் ஒன்று: மாதத் தவணை, எதிர்பார்க்கும் முதற் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. 20,000 ரூபாய் சம்பளத்தில் 7,140 ரூபாய்த் தவணை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அது குடும்பத்தை நெருக்கும். கடன் நிலுவையானால் மாணவரின் கடன் வரலாற்றில் மட்டுமன்றி, இணைக் கடன்தாரரான பெற்றோரின் வரலாற்றிலும் அது பதிவாகும்; பின்னாளில் வீட்டுக் கடனுக்கும் இளையவனின் கல்விக் கடனுக்கும் அது தடையாகலாம். நல்ல கடன் என்பது எளிதாகக் கிடைக்கும் கடனன்று. எளிதாகத் திருப்ப இயலும் கடன்.

7. கடனுக்கு முன் கேட்க வேண்டியவை

கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்குமுன் உதவித்தொகைகளை முழுமையாகத் தேட வேண்டும். பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கு, ஆண்டு வருமானம் 2.5 லட்சத்திற்கு உட்பட்ட குடும்பமாயின், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்திற்கு உட்பட்டிருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு அல்லது தொழில்நுட்பப் படிப்பு பயில்வோர்க்கு, படிப்புக் காலத்திற்கும் அதற்கடுத்த ஓராண்டிற்குமான வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் உள்ளது. மேற்கண்ட கணக்கில் இது 1.4 லட்ச ரூபாய். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த உயர்தரக் கல்வி நிறுவனங்களில் சேர்வோர்க்கு உரியது. 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்தாருக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை தருகிறது. இத்தகைய சலுகைகள் தகுதி அடிப்படையில் இடம் பெற்றோர்க்கானவை. நிர்வாக ஒதுக்கீட்டு இடத்திற்கு முன்பணம் கட்டுமுன் தங்கள் கிளையில் ஒருமுறை விசாரித்தல் நலம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், நடப்பு விதியையும் கிளையிலேயே கேட்டறிக.

8. கல்லூரி ஒன்றே வழியன்று, வழி மூடிப்போவதுமன்று

தங்கவயலில் சுரங்கம் மூடியபின்னும் பெமல் தொழிற்சாலை இயங்குகிறது. 1964இல் தோன்றிய அந்நிறுவனம் கனரக இயந்திரங்களைச் செய்கிறது. அத்தகைய ஆலைகளுக்குப் பொறியாளரும் வேண்டும். பற்றவைப்பவர், பிட்டர், டர்னர், மின்பணியாளர் ஆகியோரும் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில ஆகும் காலம் ஓராண்டு அல்லது ஈராண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, ஆலையில் உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் பழகலாம்.

இவ்வழியில் செல்பவருக்குக் கல்லூரிக் கதவு அடைபடுவதில்லை. தொழிற்பயிற்சி முடித்தவர் பட்டயப் படிப்பின் இரண்டாமாண்டிலும், பட்டயம் முடித்தவர் பொறியியல் பட்டத்தின் இரண்டாமாண்டிலும் நேரடியாகச் சேர வழியுண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதல் இருக்கிறது. மைசூரிலும் சென்னையிலும் மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. பதினெட்டு வயதில் எடுக்கும் முடிவு இறுதி முடிவன்று. "இப்போது இல்லாவிடில் எப்போதும் இல்லை" என்று அச்சுறுத்தி முன்பணம் வாங்கும் தரகர் சொல்லுக்கு இதுவே மறுமொழி.

9. பணத்தால் மட்டும் அளக்கலாகாதவை

கணக்கு முடிவெடுக்க உதவும். ஆனால் அதுவே முடிவாகாது.

சுரங்கத் தொழிலாளரிடம் அறிவு இல்லாமலில்லை. பாறையின் ஓசையைக் கேட்டு ஆபத்தை உணரவும், மரத்தூண் இட்டு மேற்கூரையைத் தாங்கவும், மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் அனல் போன்ற வெப்பத்தில் பணி செய்யவும் அவர்கள் அறிந்திருந்தனர். சுரங்கம் மூடியபோது அந்த அறிவைப் பெங்களூரில் எவரிடம் காட்டுவது? பலரிடம் கைத்திறன் இருந்தது. வெளியார் ஏற்கும் சான்று இருக்கவில்லை. கல்வியின் பெரும்பயன் இவ்விடத்தில் விளங்குகிறது. ஓர் ஆலை மூடப்பட்டாலும் மற்றோர் ஊருக்கு எடுத்துச் செல்லக்கூடிய உடைமை அது. மறுபுறமும் உண்மையே: திறனில்லாத சான்றிதழ் முதல் நேர்முகத் தேர்விலேயே வெளுத்துவிடும். திறனும் சான்றும் சேர்ந்ததே கல்வி.

மற்றொன்று, பெண்பிள்ளைகளைப் பற்றியது. "அவள் எப்படியும் வேறு வீட்டுக்குப் போகிறவள்" என்று கணக்கே போடாமல் விடும் வழக்கம் இன்னும் உண்டு. மகனுக்குப் போடும் அதே கணக்கை மகளுக்கும் போட வேண்டும். எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் தொடர் வைப்பு மகளுக்காகச் சேர்த்த பணம். அதில் ஒரு பகுதியை அவள் படிப்புக்கு எடுப்பது அவளிடமிருந்து எடுப்பதாகாது. நகை வாங்கியபின் அது பெட்டியில் இருக்கும். பட்டமோ, கணவன் வேலை இழந்த நாளிலும், தனித்து நிற்க நேர்ந்த நாளிலும் அவளோடு இருக்கும்.

அதே நேரத்தில், மூத்தவளுக்காக வாங்கும் கடன் இளையவனின் வாய்ப்பை விழுங்கிவிடாமலும் பார்க்க வேண்டும். குடும்பத்தின் பணம் ஒன்று, பிள்ளைகள் இருவர்.

அந்த வீட்டில் முடிவு என்னவாக இருக்கலாம்? மகளுக்குக் கணிதத்தில் உண்மையான ஆர்வமும், தகுதியால் கிடைத்த இடமும், வட்டி மானியமும் இருந்து, அக்கல்லூரியின் நடுச் சம்பளம் தவணையின் நான்கு மடங்கைத் தாண்டுமாயின், பொறியியலே தக்கது. இவற்றுள் இரண்டு குறைந்தாலும், அரசுக் கல்லூரியில் வணிகவியலும் அதனோடு கணக்குப் பதிவு மென்பொருள் பயிற்சியும் அறிவுடைய தெரிவு. இரண்டிலும் அவளுக்கு மனமில்லை எனில், ஓராண்டு தொழிற்பயிற்சியோ வேலையோ பார்த்துவிட்டு மீண்டும் யோசிப்பதில் இழுக்கில்லை. மூன்று விடையும் சரியாகலாம். கணக்கிடாமல் எடுக்கும் விடையே தவறு.

10. குடும்பத்தார் கூடிப் பேசுவதற்கு

ஓய்வான ஒரு மாலையில், பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டு, தாளும் பேனாவும் எடுத்துக் கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

1. கட்டணம், போக்குவரத்து, விடுதி, புத்தகம், கைவிட்ட வருமானம் அனைத்தும் சேர்த்து முழுச் செலவு எவ்வளவு?

2. அக்கல்லூரியில் அப்பாடம் முடித்த ஐந்து பேரின் இன்றைய சம்பளம் என்ன? அதிலிருந்து, படியாமல் வேலைக்குச் சென்றால் அப்போது கிடைக்கக்கூடியதைக் கழித்தால் எஞ்சுவது எவ்வளவு?

3. முழுச் செலவை அந்த ஆண்டு வேறுபாட்டால் வகுத்தால் எத்தனை ஆண்டுகள் வருகின்றன?

4. இறுதியாண்டுக் கட்டணம் எங்கிருந்து வரும்? சம்பாதிப்பவர் நோயுற்றால் மாற்று ஏற்பாடு என்ன?

5. கடன் பெறுவதாயின், மாதத் தவணை முதற் சம்பளத்தில் எத்தனையில் ஒரு பங்கு? படிக்கும்போதே வட்டியைக் கட்ட இயலுமா?

6. இந்தப் பாடத்தைப் பிள்ளை தானே விரும்புகிறதா? விருப்பத்திற்குச் சான்றாக எதைக் கண்டோம்?

7. பாதியில் நிறுத்த நேர்ந்தால் கையில் மிஞ்சுவது என்ன? அதைவிட நல்ல மாற்றுவழி உண்டா?

ஆறாம் வினாவின் விடையைப் பிள்ளையே தன் கைப்பட எழுதட்டும். மற்ற விடைகள் எழுதிய தாளோடு தங்கள் கிளைக்கு வந்தால், கல்விக் கடன் அலுவலரோடு பேசுவதற்குப் பாதி வேலை முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தங்கவயலில் அரைத்துக் கொட்டிய மண் இன்றும் சயனைடு மேடுகளாக நிற்கிறது. ஒவ்வொரு மேடும் ஒரு காலத்தில் பாறையாக இருந்தது. அதை வெட்டுமுன் ஒருவர் அதன் தரத்தை அளந்து பார்த்திருந்தார். பாறைக்கே அந்த மரியாதை செய்த ஊரில், ஒரு பிள்ளையின் நான்காண்டை அளக்காமல் செலவிடலாமா?